இலை தின்னுற இகுவானாவால ஓணானுக்கு என்ன கெடுதி?

தெஹிவளை வாசகர் ஒருத்தர், பெப்ரவரி 8

மகன் ஒரு பச்சை இகுவானா வளர்க்கிறான், ஓணான் மாதிரி, ஆனாப் பெரிசு. கீரை, செவ்வரத்தம்பூ, பப்பாசிப்பழம், இதுதான் சாப்பாடு. ஒரு பூச்சியைக்கூடத் திரும்பிப் பாக்காது. ஆனா எங்க பாத்தாலும் 'ஆக்கிரமிப்பு இனம், ஆக்கிரமிப்பு இனம்' எண்டு கத்தினம். ஒண்டையும் கடிக்காத சீவன் எங்கட ஓணானையும் அரணையையும் எப்பிடி அழிக்கும்? ஒண்டு ரெண்டு தப்பி வெளிய போனாலும் கால்வாயில கிடக்கிற கபரகொய்யா (நீர் உடும்பு) பாத்துக்கொள்ளும். விசயம் தெரிஞ்ச ஆரும் விளக்கமாச் சொல்லுங்கோ பாப்பம்.

—

பெப்ரவரி 8, இரவு

தின்னாமலே அழிக்கலாம் அண்ணை.

கரீபியன் பக்கம் சின்ன அண்டிலீஸ் எண்டு ஒரு தீவு வரிசை, குவாதலூப், மார்தினிக், டொமினிக்கா, அங்குவிலா எல்லாம் அதிலதான். அந்தத் தீவுகளுக்கெண்டே உரிய ஒரு இகுவானா இருக்கு, இகுவானா டெலிகாட்டிசிமா. அதுவும் இலை தின்னி, உங்கட மகன்ர பச்சை இகுவானாவும் இலை தின்னி, ரெண்டும் சண்டை பிடிச்சு ஒண்டை ஒண்டு தின்னேல்ல. நடந்தது கலியாணம். பச்சை இகுவானா ஆண் பெரிசு, முரடு, உள்ளூர் ஆணைத் துரத்திப்போட்டு உள்ளூர்ப் பெண்ணோட சேர்ந்திடும். பச்சை இகுவானாப் பெண் ஒரு தரத்துக்கு இருபதில இருந்து எழுபது முட்டை வரை போடும், உள்ளூர்க்காரி போடுறது அதில சின்னப் பங்குதான். பிறக்கிற கலப்புக் குஞ்சு மலடும் இல்லை, அது வளர்ந்து திரும்ப மற்றதுகளோட சேரும், அப்பிடிச் சேரச் சேர தூய இனம் கரைஞ்சு போகும். குவாதலூப்புக்குப் பக்கத்தில இருக்கிற லே சாந்த் தீவுகளில அப்பிடித்தான் முடிஞ்சுது. 2018இல அந்த இனத்தை உலகச் சிவப்புப் பட்டியலில 'மிக அருகிவிட்ட இனம்' எண்ட கட்டத்துக்கு ஏத்தினவை.

அடையாளம் பிடிக்கிறது லேசு. பச்சை இகுவானாவுக்குக் கன்னத்தில, காதுக்குக் கொஞ்சம் கீழ, வட்டமாப் பெரிய செதில் ஒண்டு இருக்கும், வாலில பட்டை பட்டையா வரி இருக்கும். டெலிகாட்டிசிமாவுக்கு அந்தச் செதில் இல்லை. கலப்புக் குட்டியில ரெண்டும் அரைகுறையா இருக்கும், அதைப் பாத்துத்தான் களத்தில நிக்கிறவை முதல்ல சந்தேகப்படுவினம், பிறகு ரத்தம் எடுத்து மரபணு பாப்பினம்.

—

பெப்ரவரி 9

மேல எழுதினதைப் படிச்சிட்டு ஒரு தங்கச்சி கேட்டா, அப்ப எங்கட பச்சை ஓணானோடயும் சேர்ந்து கலப்பு வருமோ எண்டு. வராது. எங்கட ஓணான் எல்லாம் அகமா குடும்பம், இகுவானா வேற குடும்பம், தோற்றம்தான் கிட்டத்தட்ட. ஆனா இனம் கொஞ்சம் தள்ளி இருந்தாக் காணும், பயமில்லை எண்டும் சொல்லேலாது. கேமன் தீவுகளில லிட்டில் கேமன் எண்டு ஒரு சின்னத் தீவு, அங்க பாறை இகுவானா எண்டு ஒண்டு, அது பேரினமே வேற, சைக்ளூரா. அப்பிடியிருந்தும் 2016இல பச்சை இகுவானாவுக்கும் அதுக்கும் கலப்புக் குஞ்சு பொரிச்சுக் கிடந்தது. அதைப் பாத்து அங்க வேலை செய்யிற ஆக்களே திகைச்சுப் போச்சினம்.

எங்களுக்குக் கலியாணப் பயம் இல்லை. இடப் பயம், கரைப் பயம், நோய்ப் பயம். ஒவ்வொண்டா எழுதுறன், இப்ப வேலைக்குப் போகோணும்.

—

பெப்ரவரி 9, பின்னேரம்

கபரகொய்யா கதைக்கு வருவம். வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் பக்கத்திலதான் நான் இருக்கிறன், காலமை பல்லு மினுக்கேக்க ஜன்னலால கபரகொய்யா பாக்கிற ஆள். ஆள் பெரியவர்தான், முட்டை கிடைச்சாலும் விடமாட்டார், இகுவானாக் குஞ்சு கிடைச்சா விழுங்குவார், அதில சந்தேகமே இல்லை. ஆனா சிங்கப்பூரைப் பாருங்கோ. அங்கயும் இதே இனம்தான் கால்வாய் கால்வாயாத் திரியுது, கொழும்பு மாதிரியே வெக்கை, கொழும்பு மாதிரியே மழை, ஊர் முழுக்கக் கால்வாய். அங்க மேற்குப் பக்கத்துத் தோட்டக் காணிகளில பச்சை இகுவானா குடியேறிப் பெருகியிருக்கு. தாய்லாந்திலயும் அப்பிடி, லொப்புரி மாகாணத்தில தோட்டக்காரர் முறைப்பாடு செய்து 2023 கடைசியில அரசாங்கம் இறங்கிப் பிடிச்சது. அங்கயும் உடும்புக்குப் பஞ்சமே?

ஒரு பெண் எழுபது முட்டை போட்டா அறுபத்தைஞ்சை உடும்பும் காகமும் கீரியும் பூனையும் தின்னட்டும், மிச்சம் அஞ்சு காணும்.

கரைப் பயம் எண்டு சொன்னது இதுதான். இகுவானா முட்டை போட மண்ணில வளை தோண்டும், அதுவும் கால்வாய்க் கரையிலதான் தோண்டும், மண் இளக்கமா வெயில் படுற இடமாப் பாத்து. ஃப்ளோரிடாவில கால்வாய்க் கரை, கடல் தடுப்புச் சுவர், நடைபாதை எல்லாம் கீழ பொந்து விழுந்து இடியுது. கொழும்பில ஒரு அடைமழைக்கு என்ன நடக்குது எண்டு வெள்ளவத்தை, கிருலப்பனை ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

—

பெப்ரவரி 10

'ஃப்ளோரிடாவில குளிருக்கு இகுவானா மரத்தால விழும்' எண்டு ஒரு தம்பி வீடியோ போட்டிருக்கிறார். உண்மைதான், 2020 ஜனவரியில மயாமி வானிலை அலுவலகமே 'இகுவானா விழும், கவனம்' எண்டு அறிவிச்சது. குளிர் அங்க கொஞ்சமாவது கட்டுப்படுத்துது. எங்களுக்கு அந்த உதவியும் இல்லை, மார்கழியில ஃபேனை ஒரு நம்பர் குறைக்கிறதுதான் எங்கட குளிர்.

—

பெப்ரவரி 12

எண்ணிக்கை கேட்ட அண்ணைக்கு. கிராண்ட் கேமன் எண்டுற தீவு கொழும்பு மாவட்டத்தை விடவும் சின்னன். அங்க வளர்ப்புப் பிராணியா வந்த பச்சை இகுவானா பெருகி, 2018 ஒக்டோபரில அரசாங்கம் வேட்டைக்காரருக்குத் தலைக்கு இவ்வளவு எண்டு காசு குடுத்து அடிக்கத் தொடங்கினது. பத்து லட்சத்துக்கு மேல அடிச்சாச்சு, இன்னும் முடியேல்ல. அதே தீவில மண்ணுக்குரிய நீல இகுவானா 2002 அளவில காட்டில இருபத்தைஞ்சுகூட இல்லை எண்ட நிலைக்கு வந்து, பிறகு கூட்டில வளத்து, ஆயிரம் வரைக்கும் திரும்ப விட்டவை. ஒரே தீவில ஒரு இகுவானாவை ஒவ்வொண்டா எண்ணி எண்ணிக் காப்பாத்தினம், இன்னொண்டை லட்சக்கணக்கில அடிக்கினம்.

சரி, இப்ப நான் உண்மையில கதைக்க வந்த விசயம் வேற. அதை நாளைக்கு எழுதுறன்.

—

பெப்ரவரி 13, இரவு, கொஞ்சம் நீளம்

நான் கனகாலம் ஹாபர்ல க்ளியரிங் வேலை செய்தனான், வார்ஃப் கிளார்க். கண்டெய்னர் கதவைத் திறந்தா உள்ளுக்கு என்ன இருக்கும் எண்டு ஆவணத்தில எழுதியிருக்கும், ஆனா கதவைத் திறக்கேக்க முதல்ல வெளிய ஓடி வாறது ஆவணத்தில இல்லாததுதான். கரப்பான், சிலந்தி, எலி, பல்லி. பல்லி முட்டை சுண்ணாம்பு மாதிரிக் கெட்டியான ஓடு, பலகை இடுக்கில, பேலட்டுக்கு அடியில, சாக்கு மடிப்பில ஒட்டிக்கிடக்கும், காய்ஞ்சாலும் லேசில சாகாது. உள்ள வாறதைப் பாத்து நாங்கள் எல்லாரும் முகம் சுளிப்பம். வெளிய போறதைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. மாலைதீவுக்கு இஞ்ச இருந்து என்ன எல்லாம் போகுது, மரக்கறி, தேங்காய், பூங்கண்டு, ரிசோர்ட் தோட்டத்துக்கு மண்ணோட சேர்த்துச் சட்டி சட்டியாச் செடி, தும்புச் சோறு. அதுக்குள்ள ஒரு ஓணான் போனா ஆர் கண்டது?

நீங்கள் இகுவானாவை 'வந்தேறி' எண்டு திட்டுறியள். வேலியில தலையை ஆட்டிக்கொண்டு நிக்குதே எங்கட சாதாரண ஓணான், கழுத்துச் சிவக்கிறது, சிங்களத்தில கட்டுஸ்ஸா எண்டுற கூட்டம், விலங்கியலில கலோட்டஸ் வெர்சிகலர். அது மாலைதீவில, மொரிசியஸில, ரீயூனியனில, சீஷெல்ஸில, சிங்கப்பூரில, ஃப்ளோரிடாவில எல்லாம் வந்தேறி. இந்த இனம் எங்கட தீவில மட்டும் இல்லை, இந்தியா தாண்டி அங்கால தென்கிழக்கு ஆசியா வரைக்கும் இருக்கு. அதால அங்க போனதெல்லாம் கொழும்பால போனது எண்டு நான் சொல்ல வரேல்ல. ரீயூனியனுக்கு ஜாவாவில இருந்து கரும்புத் தண்டோட போச்சுது எண்டுதான் சொல்லினம். கரும்புக்கெண்டு கப்பலில ஏத்தின ஆக்களும் தமிழர்தானே அங்க. ஆக்களும் கரும்புக்குப் போனவை, ஓணானும் கரும்புக்குப் போனது.

ரீயூனியனில தெற்குக் கரையோரம் மனபனி எண்ட இடத்துக்கு அக்கம் பக்கத்தில மட்டும் ஒரு பச்சைப் பகல் பல்லி இருக்கு, செம்புள்ளி போட்டது, தாழை மரத்தில முட்டை ஒட்டும். கரையோரத்தில ஒரு சின்னத் துண்டு நிலத்தை விட்டா உலகத்தில வேற எங்கயும் இல்லை. அதுக்கு இப்ப இருக்கிற தொல்லைகளில வீடு, ஹோட்டல், பூனை, மடகாஸ்கரில இருந்து கொண்டுவந்த பெரிய பகல் பல்லிகள், அதோட எங்கட ஓணான். எங்கட ஓணான் சின்னப் பல்லியை விழுங்கும், அதை நான் என்ர கண்ணாலயே பம்பலப்பிட்டியில ஒரு மதிலில பாத்திருக்கிறன்.

சிங்கப்பூரில இன்னும் தெளிவு. அந்தத் தீவுக்கு உரிய பச்சைக் கொண்டை ஓணான் ஒண்டு இருக்கு, நீள வால், புல்லுப் பச்சை, கோவம் வந்தாக் கறுக்கும். எண்பதுகளில வடக்கால எங்கட ஓணான் உள்ள வந்தது. அதுக்குப் பிறகு பூங்கா, றோட்டோரம், பத்தை எல்லாம் ஓணான்ர கையில, பச்சைக்காரர் பெரிய மரம் உள்ள காட்டுப் பக்கம் ஒதுங்கிப் போனார்.

—

பெப்ரவரி 14

கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருத்தன் 'அப்ப நாங்கள்தான் ஏற்றுமதியாளர், வரி கட்டுறமோ அண்ணை' எண்டு கேக்கிறான். ஃபியூமிகேஷன் சேர்ட்டிஃபிக்கட் மட்டும் கட்டுறம் தம்பி.

—

பெப்ரவரி 15

முந்தநாள் ஓணானைப் பற்றி எழுதினதில ஒரு யோசனை வந்துகொண்டே இருக்கு. சிங்கப்பூரில பச்சைக்காரரைத் துரத்தினது ஓணானா, இல்லாட்டிக் காட்டை வெட்டின புல்டோசரா? ரெண்டும் சேர்ந்துதான் எண்டு நினைக்கிறன். எங்கட ஓணானுக்குத் திறந்த வெளி, வேலி, வெயில், பத்தை வேணும். பச்சைக்காரருக்கு நிழலும் உயர மரமும் வேணும். மனுசர் காட்டை வெட்டிப் பூங்கா ஆக்கினாப் பிறகு ஓணான் வந்து காலியா இருந்த வீட்டில குடியேறினது எண்டும் சொல்லலாம். ஆனா மரம் திரும்ப வளர்ந்தாலும் ஓணான் தானா எழும்பிப் போகாது, அதுதான் சிக்கல். 'வேலியில போன ஓணானை மடியில கட்டின மாதிரி' எண்டு எங்கட ஆக்கள் சும்மா சொல்லேல்ல.

—

பெப்ரவரி 17

பல்லிக் கதை கேட்டியள். பல்லி ஓணானை விட மோசம், ஏனெண்டா அதை ஒருத்தரும் கவனிக்கிறேல்ல, பல்லி விழுந்த பலன் பாக்கிறதோட எங்கட ஆராய்ச்சி முடிஞ்சுது.

டியூப் லைட்டுக்குப் பக்கத்தில 'டிக் டிக் டிக்' எண்டு சத்தம் போடுற வீட்டுப் பல்லி, ஹெமிடாக்டிலஸ் ஃப்ரெனாட்டஸ். பசிபிக் தீவுகளுக்கு இது வந்தாப் பிறகு அங்க வீட்டுச் சுவரில இருந்த மற்றொரு பல்லி, ஆண் இல்லாமப் பெண்ணே பெண்ணைப் பெறுற இனம், சுவரை விட்டு ஒதுங்கத் தொடங்கினது. ஏன் எண்டு பாக்க ரெண்டு ஆராய்ச்சிக்காரர், பெட்ரனும் கேஸும், ஹவாயில பழைய விமானக் கொட்டகைகளுக்குள்ள பல்லிகளை விட்டுப் பாத்தவை. லைட்டுக்குக் கீழ பூச்சி ஒரே இடத்தில குவியுது, வெறும் தட்டைச் சுவர், ஒளிக்க இடமில்லை, பெரிய வேகமான பல்லி அந்த இடத்தைப் பிடிச்சிடும், சின்னதுக்குச் சாப்பாடு இல்லை. சுவரில தடுப்புகள் வச்சு மேடு பள்ளமாக்கின உடன போட்டி தணிஞ்சுது. அதாவது பல்லிக்கு வெற்றி குடுத்தது பல்லின்ர பலம் மட்டும் இல்லை, எங்கட டியூப் லைட்டும் வெள்ளை அடிச்ச சுவரும்.

மொரிசியஸில இதே பல்லி இன்னும் கொடுமை. நாக்டஸ் எண்ட இரவுப் பல்லிகள் அங்க பெரிய தீவு முழுக்க இருந்தவை, இப்ப சுத்தியுள்ள சின்னச் சின்னத் தீவுத் திட்டுகளில மட்டும் மிச்சம். அதுகளுக்கு விரலில ஒட்டுற மெத்தை இல்லை, வெறும் நகம், தரையில ஓடுற சாதி. பகலில படுக்கிற பாறை இடுக்கில இருந்து வீட்டுப் பல்லி அதுகளைத் துரத்துது. துரத்தின இடத்தில வெளிய நிக்கிறதைப் பூனையும் எலியும் பாத்துக்கொள்ளும். ஆனா பாறை பொடிஞ்சு உதிருற மாதிரி இருக்கிற இடத்தில வீட்டுப் பல்லின்ர ஒட்டுற கால் பிடிக்காது, வழுக்கும், அங்க நாக்டஸ் தப்பி நிக்குது. நிக் கோல் எண்டவர் அதை ஆராய்ஞ்சு 2005இல எழுதினவர். எனக்கு இதில பிடிச்சதே இந்தத் துண்டுதான், ஒரு இனம் பிழைக்குதா இல்லையா எண்டதை மண் உதிருறது தீர்மானிக்குது.

—

பெப்ரவரி 17, பிறகு

'ஃப்ரெனாட்டஸ் எங்கட பல்லியா?' எண்டு கேட்டவருக்கு: இஞ்ச கனகாலமா இருக்கு, ஆசியப் பல்லி. எங்கட எண்டு துணிஞ்சு சொல்லக்கூடியது புள்ளிப் பல்லி, ஹெமிடாக்டிலஸ் பார்விமாகுலாட்டஸ். கொழும்பு மியூசியத்தில பணிப்பாளரா இருந்த பி. இ. பி. தெரணியகல 1953இல பேர் வச்சவர். அதுவும் மாலைதீவு, மொரிசியஸ், ரீயூனியன், கொமொரோஸ் எல்லாம் போய், கடைசியில அமெரிக்காவில நியூ ஓர்லியன்ஸ் பக்கம்கூடக் குடியேறியிருக்கு. விசா இல்லாமப் போனது அதுதான் எண்டு பகிடி விட வேண்டாம், அதை நானே விட்டிட்டன்.

—

பெப்ரவரி 20

நோய்ப் பயம் எழுதிறன் எண்டு சொல்லி விட்டிட்டன், ஒரு அக்கா ஞாபகப்படுத்தினா.

கிறிஸ்மஸ் தீவு, இந்து சமுத்திரத்தில ஜாவாவுக்குக் கீழ, அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தம். எங்கட இஞ்சத்தை ஆக்களுக்கு அந்தப் பேர் படகுக் கதையிலதான் தெரியும், அகதி முகாம் இருந்த இடம். எங்கட பெடியள் அங்க கம்பிக்குள்ள இருந்த காலத்தில கம்பிக்கு வெளிய அந்தத் தீவின்ர பல்லியும் அரணையும் ஒவ்வொண்டா முடிஞ்சு கொண்டிருந்ததுகள். லிஸ்டர் பல்லி, நீல வால் அரணை, காட்டு அரணை. காட்டு அரணையில கடைசியா மிஞ்சினது ஒரு பெண், கம்ப் எண்டு பேர் வச்சிருந்தவை, 2014 மே 31 செத்துப் போனது, அதோட அந்த இனம் சரி. மற்ற ரெண்டும் அந்தத் தீவுக் காட்டில இல்லை, 2009, 2010 அளவில பிடிச்ச சில டசினில இருந்து கூட்டில பெருக்கித்தான் காப்பாத்தினவை, சிட்னி தரோங்கா மிருகக்காட்சிசாலையிலயும் கொஞ்சம். காரணம் எண்டு கூடுதலாக் கை காட்டுறது எண்பதுகளில சரக்கோட வந்த ஓநாய்ப் பாம்பை. அதோட மஞ்சள் பைத்திய எறும்பு, பூரான், பூனை.

பிறகு கூட்டில வளத்த கூட்டத்துக்குள்ள 2014இல ஒரு பக்டீரியா வந்தது, முகம் வீங்கி உருக்குலைஞ்சு சாகும். புது இனம், எண்டரோகொக்கஸ் லாசெர்டிடிஃபோர்மஸ் எண்டு பேர். தீவில வந்தேறியாத் திரிஞ்ச வீட்டுப் பல்லிகளிலயும் அது இருந்தது. பாத்தியளே, கடிக்கேல்ல, கலக்கேல்ல, இடமும் பிடிக்கேல்ல, கிருமி கூட்டுக்குள்ள புகுந்தாலே காணும்.

வளர்ப்பு இகுவானாவைக் கால்வாயில விடாதேங்கோ எண்டு நான் மல்லுக்கட்டுறது இதுக்காகத்தான். அது கொண்டுவாற உண்ணியும் கிருமியும் எங்கட ஓணானுக்குப் பழக்கமே இல்லாத சரக்கு.

—

பெப்ரவரி 23

ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருத்தர் எழுதியிருக்கிறார், அவரின்ர அப்பா காலத்தில லயத்துப் பக்கம் சாதாரண ஓணான் குறைவாம், இப்ப மரக்கறித் தோட்டத்து வேலியில எல்லாம் அதுதானாம். நுவரெலியாவுக்குப் போகேக்க நானும் லீக்ஸ் பாத்தி ஓரத்தில ஒண்டைப் பாத்தனான். ஒரு ஆள் அங்க ஒண்டு இங்க ஒண்டு கண்டதை வச்சுப் படையெடுப்பு எண்டு சொல்லேலாது, வருசக்கணக்கில எண்ணோணும். ஆனா பயப்பட நியாயம் இருக்கு. மலையில இருக்கிற கறுப்பு உதட்டு ஓணான், காண்டாமிருகம் மாதிரி மூக்கில கொம்பு வச்சிருக்கிற கொம்போணான், முட்டை போடாமக் குட்டி போடுற குட்டை ஓணான் (கொஃபோட்டிஸ்), இதெல்லாம் உலகத்தில இந்தத் தீவில மட்டும்தான். கொம்போணானிலயும் சில இனம் ஒரு மலைத்தொடரோட சரி, நக்கிள்ஸில இருக்கிறது நுவரெலியாவில இல்லை. கீழ இருந்து வெக்கையும் மரக்கறித் தோட்டமும் சேர்ந்து மேல ஏற, பின்னால ஓணானும் ஏறினா இதுகள் எங்க போறது?

ஃப்ளோரிடாவில ஒரு பரிசோதனை இருக்கு. சின்னச் சின்னத் திட்டுகளில பச்சை அனோல் எண்ட உள்ளூர் ஓணான், அதுக்குள்ள கியூபாவில இருந்து வந்த பழுப்பு அனோல். பழுப்பு வந்த உடன பச்சை மரத்தில மேல ஏறிச்சுது, பதினைஞ்சு வருசத்துக்குள்ள, இருபது தலைமுறை எண்டு வையுங்கோ, அதுகளின்ர விரல் மெத்தையே பெரிசாகிப் போச்சு, உயரத்தில பிடிச்சு நிக்கத் தோதா. 2014இல அதை எழுதினவை. கேக்க நல்லா இருக்கு. ஆனா மரத்தில மேல ஏற ஒரு கிளை இருக்கு. மலையில பிதுருதலாகலை 2,524 மீட்டரோட சரி.

—

பெப்ரவரி 24

இன்னொண்டு, நேற்று எழுதினதுக்கு ஒரு குறுக்குக் கேள்வியா. ஹோட்டன் சமவெளிக்குப் போனா மஞ்சள் பூப் பூக்கிற ஒரு முள்ளுப் பத்தை தெரியும், வெள்ளைக்காரன் காலத்தில ஐரோப்பாவில இருந்து வந்தது, ஆக்கிரமிப்புச் செடி, அதை வெட்டி எரிக்கோணும் எண்டு எல்லாரும் சொல்லினம். அந்தப் பத்தைக்குள்ளதான் கறுப்பு உதட்டு ஓணான் கனக்க இருக்கு, முள்ளுக்குள்ள காகம் கொத்தாது, வெயிலும் காயலாம். ஒரே நாளில எல்லாத்தையும் வெட்டினா ஓணானுக்கு என்ன செய்யிறது? கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, உள்ளூர்ப் பத்தை வளர விட்டு, பிறகு மிச்சத்தை வெட்டோணும். அப்பிடிப் பொறுமையாச் செய்ய ஆருக்கு நேரம், எல்லாருக்கும் சிரமதானத்தண்டு ஃபோட்டோ எடுக்கோணும்.

—

பெப்ரவரி 27

'எல்லாம் வியாபாரிகள் செய்யிறது' எண்டு ஒருத்தர் பொங்கியிருக்கிறார். முழுக்க இல்லை. குரோஷியாவில ஒரு கதை இருக்கு, 1971இல ஆராய்ச்சிக்காரரே அஞ்சு சோடி இத்தாலியச் சுவர்ப் பல்லியைப் பொட் கொப்பிஷ்டே எண்ட திட்டில இருந்து பக்கத்தில பொட் மர்ச்சாரு எண்ட திட்டுக்கு மாத்தினவை, என்ன நடக்கும் எண்டு பாக்க. பிறகு யுத்தம், ஒருத்தரும் போகேல்ல. முப்பத்தாறு வருசத்துக்குப் பிறகு பாத்தா அஞ்சு சோடி ஆயிரக்கணக்காகி, தலை பெருத்து, இலை தின்னப் பழகி, குடலில முந்தி இல்லாத வால்வு வந்து நிக்குது. 2008இல வெளியிட்டவை, உலகம் முழுக்கக் கை தட்டினது. அந்தத் திட்டில முந்தி இருந்த உள்ளூர்ப் பல்லி? ஒண்டும் இல்லை. கை தட்டின சத்தத்தில அது ஒருத்தருக்கும் கேக்கேல்ல.

புயலும் செய்யும். 1995இல கரீபியனில ரெண்டு சூறாவளி அடுத்தடுத்து அடிச்சு, வேரோட பிடுங்கின மரக்கட்டைக் குவியலில ஏறி ஒரு பதினைஞ்சு பச்சை இகுவானா அங்குவிலாக் கரையில இறங்கினதை மீனவர் கண்ணால கண்டவை. டொமினிக்காவுக்கு 2017 மரியா சூறாவளிக்குப் பிறகு வந்த நிவாரணச் சரக்கோட வந்தது எண்டு சொல்லினம். நிவாரணத்தை வேண்டாம் எண்டு சொல்லேலுமே?

—

மார்ச் 1

வெளிய கடத்துறதைப் பற்றிக் கேட்ட தங்கச்சிக்குச் சுருக்கமா. எங்கட கொம்போணான், குட்டை ஓணான், மூக்கில குமிழ் வச்ச லிரியோசெஃபாலஸ் எல்லாம் ஐரோப்பாவில செல்லப்பிராணிச் சந்தையில வித்தவை. 2019இல சைட்டீஸ் எண்ட, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச உடன்படிக்கையின்ர மாநாடு கொழும்பில நடக்க இருந்தது, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பால ஜெனீவாவுக்கு மாறி ஓகஸ்ட்டில நடந்தது. அங்கதான் இலங்கை கேட்டு இதுகளைப் பட்டியலில போட்டவை, சிலது முதலாம் அட்டவணை, சிலது ரெண்டாம் அட்டவணை. ஊரில நடக்கிறதா இருந்த மாநாடு, எங்கட ஓணான்ர விசயம், எங்களில எத்தினை பேருக்கு அது பேப்பரில கண்ணில பட்டது?

—

மார்ச் 4

தெஹிவளை அண்ணை திரும்ப வந்திருக்கிறார், நல்லது. மகன்ர இகுவானா இப்ப வாலோட நாலடி, கூடு காணாது, வாலால அடிக்குது, மனுசி பயப்பிடுறா, என்ன செய்யிறது எண்டு கேக்கிறார்.

கால்வாயிலயோ தியசரு பூங்காவிலயோ பெத்தகான ஈரநிலப் பூங்காவிலயோ கொண்டுபோய் விடாதேங்கோ. 'பாவம், சுதந்திரமா இருக்கட்டும்' எண்டு ஆக்கள் விட்ட டாங்க் கிளீனரும் சிவப்புக் காது ஆமையும் எங்கட தண்ணியில இருக்குதுகள். கொழும்புக்கு 2018இல ராம்சார் ஈரநில நகரம் எண்டு பட்டம் குடுத்திருக்கினம், அதுக்குள்ள இதையும் சேர்க்க வேண்டாம். வேற ஆருக்கும் வித்துக் கை கழுவவும் வேண்டாம், அவன் விடுவான். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிச்சு, அவை சொல்லுற மாதிரிக் குடுங்கோ. அது வரைக்கும் இன்னொண்டோட சேர்த்து வைக்கக்கூடாது. மகனோட சண்டை பிடிக்காதேங்கோ, பெடியனுக்கு விசயத்தில ஆசை இருக்கு. சனிக்கிழமையில காலமை பெத்தகானவுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பச்சை ஓணான் காட்டுறன். சின்னனில நாங்கள் ஈர்க்கில சுருக்குப் போட்டு ஓணான் பிடிச்ச மாதிரித்தான் ஆராய்ச்சிக்காரரும் கம்பு நுனியில நூல் சுருக்கு வச்சுப் பிடிச்சு அளந்துபோட்டு விடுறவை. நாங்கள் பிடிக்கிறேல்ல, பாக்கிறது மட்டும்.

—

மார்ச் 6

களனியில இருந்து ஒரு அக்கா படம் அனுப்பியிருக்கிறா, மதிலில இகுவானா எண்டு. அக்கா, அது கபரகொய்யாக் குஞ்சு. கறுப்பு உடம்பில மஞ்சள் புள்ளி வரிசை வரிசையா இருக்கு, நாக்கு பாம்பு மாதிரிப் பிளந்திருக்கு, முதுகில சீப்பு மாதிரி முள்ளு இல்லை. இகுவானாவுக்கு நாக்கு தடிப்பு, பிளக்காது. பின்னேரம் வந்தாக் கோழிக்குஞ்சை மட்டும் உள்ள எடுத்து வையுங்கோ.